சில ஐயங்கள் எழுந்தமையால்

வர்ஜீனியாவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மாநில வரலாறு தனிப் பாடமாக உண்டு. என் மகள் அந்த வகுப்பில் இருந்தபோது, ஒரு நாள் மாலை சாப்பாட்டு மேசையில், ஆங்கிலேயர் வர்ஜீனியாவில் முதலில் குடியேறிய ஜேம்ஸ்டவுன் பற்றிய பயிற்சித்தாளை விரித்து வைத்துக்கொண்டு கோடிட்ட இடங்களை நிரப்பிக்கொண்டிருந்தாள். 1607, கப்பல்கள், கோட்டை, புகையிலை என்று வரிசையாக எழுதி வந்தவள், 1619 என்ற இடத்தில் பென்சிலை நிறுத்தினாள். ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களைப் பற்றிய ஒற்றை வரி அது. "அம்மா, அவங்க அடிமைன்னு யாரும்மா முடிவு பண்ணினது?" என்று கேட்டாள். நான் அடுப்பைப் பார்த்தபடியே, "அந்தக் காலத்துல அப்படித்தான் கண்ணு இருந்துச்சு" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். அவளுக்கு அந்தப் பதில் போதுமானதாக இருந்தது. எனக்குத்தான் இல்லை. ஒன்பது வயதுக் குழந்தை, யார் முடிவு செய்தது என்று ஆளைக் கேட்டிருக்கிறாள். நான் காலத்தைக் கைகாட்டியிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போதும் மறுநாள் காரோட்டும்போதும் அந்த வாக்கியம் திரும்பத் திரும்ப வந்தது. காலம் முடிவு செய்யாது, யாரோ ஒருவர் முடிவு செய்திருக்க வேண்டும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அது யார், எந்த நாளில், எந்த இடத்தில் என்பதுதான் தெரியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து, வீட்டுக்கு அருகிலுள்ள சமுதாயக் கல்லூரி ஒன்றில் மாலைநேர வகுப்பில் சேர்ந்தேன். இங்கே கல்லூரிகளில் அமெரிக்க வரலாற்றை இரண்டாக வகுந்து நடத்துவது வழக்கம். முதல் பாதி குடியேற்றத்தில் தொடங்கி, வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரோடு முடியும். வாரம் இரண்டு மாலைகள். பகலெல்லாம் வேலை பார்த்துவிட்டு வரும் பத்துப் பதினைந்து பேர். மருத்துவமனைச் சீருடையோடு வருபவர்களும் இருந்தார்கள். ஆசிரியர் பாடநூலை அதிகம் தொடவில்லை. ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பழைய ஆவணத்தின் நகலைக் கையில் கொடுத்து, முதலில் வாசியுங்கள், பிறகு பேசலாம் என்பார். பிளைமவுத், பியூரிட்டன்கள், சுருங்கியும் விரிந்தும் கிடந்த பதின்மூன்று காலனிகளின் எல்லைத் தகராறுகள் எல்லாமே அந்தப் பருவத்தில் வந்து போயின. ஆனால் நான் ஒரு கேள்வியோடு போயிருந்தேன். அதற்கான பதில், நான் நினைத்ததைவிடத் துல்லியமான தேதிகளோடு, சட்ட எண்களோடு காத்திருந்தது.

1619 ஆகஸ்ட் மாதக் கடைசியில் 'வொயிட் லயன்' என்ற கப்பல் வர்ஜீனியாவின் பாயிண்ட் கம்ஃபர்ட் முனைக்கு வந்து சேர்ந்தது. அங்கோலாவின் லுவாண்டாவிலிருந்து மெக்சிகோவின் வேராக்ரூஸுக்குப் போய்க்கொண்டிருந்த போர்த்துக்கீசியக் கப்பல் ஒன்றை வழியில் கொள்ளையடித்து, அதிலிருந்த மனிதர்களைப் பிடித்து வந்திருந்தார்கள். புகையிலையை அந்த மண்ணில் வெற்றிகரமாகப் பயிரிட்டுக் காட்டிய ஜான் ரோல்ஃப், "இருபதும் சில்லறையுமான நீக்ரோக்கள்" உணவுப் பொருளுக்கு ஈடாக வாங்கப்பட்டதாக ஒரு கடிதத்தில் எழுதினார். அந்தச் 'சில்லறை' என்ற சொல்லில் எத்தனை பேர் அடங்கினார்கள் என்று ரோல்ஃப் எண்ணிச் சொல்லவில்லை. என் கவனத்தை ஈர்த்தது வேறொன்று. அன்றைய வர்ஜீனியாவில் அடிமை முறை பற்றிய சட்டம் ஒன்றுகூட இல்லை. அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான், ஜூலை 30 அன்று, அந்தக் காலனியின் முதல் பிரதிநிதிகள் அவை கூடியிருந்தது. விலை பேசி வாங்கிவிட்டார்கள். வாங்கப்பட்டவர் சட்டத்தின் கண்ணில் யார் என்பதை இன்னும் யாரும் எழுதிவைக்கவில்லை. 1625ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில், ஜேம்ஸ்டவுனில் வில்லியம் பியர்ஸ் என்பவரின் வீட்டில் 'ஏஞ்சலா' என்றொரு பெண் பதிவாகியிருக்கிறாள். பெயர் இருக்கிறது, வந்த கப்பலின் பெயர் இருக்கிறது. வயது இல்லை, ஊர் இல்லை.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் வர்ஜீனியாவில் கறுப்பின மக்களின் நிலை ஒரே அச்சில் வார்த்ததாக இல்லை. 1621இல் 'ஆன்டோனியோ' என்ற பெயரில் கொண்டுவரப்பட்ட ஒருவர் பின்னாளில் விடுதலையாகி, ஆன்டனி ஜான்சன் என்று அறியப்பட்டு, 1651இல் 250 ஏக்கர் நிலத்துக்கு உரியவரானார். அவரே ஜான் கேசர் என்ற கறுப்பினத்தவரைத் தன் ஆயுள் பணியாளர் என்று உரிமை கோரி 1655இல் நீதிமன்றத்தில் வென்றார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்னொரு பக்கம், 1640இல் மூன்று பணியாளர்கள் எசமானிடமிருந்து தப்பியோடிப் பிடிபட்டார்கள். மூவருக்கும் முப்பது கசையடி. டச்சுக்காரருக்கும் ஸ்காட்லாந்துக்காரருக்கும் பணிக்காலம் சில ஆண்டுகள் நீட்டிக்கப்பட்டது. ஜான் பஞ்ச் என்ற கறுப்பினத்தவர் மட்டும் "தன் இயல்பான ஆயுள் முழுவதும்" உழைக்க வேண்டும் என்று தீர்ப்பானது. ஒரே குற்றம், ஒரே கசை. தீர்ப்பின் கடைசி வரி மட்டும் வேறு. ஆனாலும் அது ஒரு மனிதருக்கான தீர்ப்பு, எல்லாருக்குமான சட்டம் ஆகவில்லை. வாசல் ஒருக்களித்துக் கிடந்தது. அதைக் கடந்து வெளியே வந்தவர்களும் இருந்தார்கள், உள்ளேயே அடைபட்டவர்களும் இருந்தார்கள்.

எலிசபெத் கீயின் வழக்கு

அந்த வாசலைக் கடந்து வந்தவர்களுள் ஒருவர் எலிசபெத் கீ. அவருடைய தாய் ஆப்பிரிக்கப் பெண், தந்தை தாமஸ் கீ என்ற ஆங்கிலேயர். தாமஸ் கீ பிரதிநிதிகள் அவையின் உறுப்பினராகவும் இருந்தவர். மகள் சிறுமியாக இருந்தபோது, ஒன்பது ஆண்டுகள் மட்டும் பணிசெய்ய வேண்டும் என்ற ஒப்பந்தத்தோடு அவளை வேறொருவரிடம் ஒப்படைத்தார். தந்தை இறந்தார். அவள் கைமாறி ஜான் மோட்ரம் என்பவரின் பண்ணைக்கு வந்தாள். ஒன்பது ஆண்டுகள் முடிந்தன. அதற்கு மேலும் பத்து ஆண்டுகள் ஓடின. 1655இல் மோட்ரம் இறந்தபோது, அவருடைய சொத்துகளை நிர்வகித்தவர்கள் எலிசபெத்தை நீக்ரோ என்ற கணக்கில் சொத்தோடு சேர்த்தார்கள். எலிசபெத் நார்தம்பர்லாந்து வட்டார நீதிமன்றத்தை நாடினார்.

அவர் முன்வைத்த வாதங்கள் மூன்று. என் தந்தை சுதந்திரமான ஆங்கிலேயர். ஆங்கிலப் பொதுச் சட்டப்படி பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைத் தொடரும். நான் ஞானஸ்நானம் பெற்ற கிறித்தவள். என் ஒப்பந்தக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. தாமஸ் கீதான் தந்தை என்று ஊரறியப் பேசிக்கொண்டதைச் சொல்ல எலிசபெத் நியூமன் என்ற 80 வயது மூதாட்டி சாட்சிக்கு வந்தார். அந்த மூதாட்டியைப் பற்றி நான் நிறைய நினைத்திருக்கிறேன். எண்பது வயது என்பது அந்தக் காலனியில் அரிய முதுமை. அந்த உடம்போடு எழுந்து வந்து, சத்தியம் செய்து, தனக்குத் தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார். எலிசபெத்துக்காக வாதாடியவர் வில்லியம் கிரின்ஸ்டெட் என்ற இளம் ஆங்கிலேயர், அவரும் பணியாளர்தான். வட்டார நடுவர்கள் அவளை விடுவித்தார்கள். மேல் நீதிமன்றம் அதை மாற்றியது. வழக்கு அவைக்குப் போக, அவையின் குழு, சுதந்திரமான ஆணுக்கு அடிமைப் பெண்ணிடம் பிறந்த பிள்ளை பொதுச் சட்டப்படி சுதந்திரமானதாகவே இருக்க வேண்டும் என்று கருத்துரைத்தது. 1656இல் எலிசபெத் விடுதலையானார். கிரின்ஸ்டெட்டை மணந்துகொண்டார்.

இந்த வழக்கைப் படித்த மாலையில் வகுப்பில் ஒரு மகிழ்ச்சி இருந்தது. ஆசிரியர் எதுவும் சொல்லாமல் அடுத்த தாளைக் கொடுத்தார். ஒற்றைப் பத்தி. 1662 டிசம்பர், வர்ஜீனியா அவை நிறைவேற்றிய பன்னிரண்டாம் சட்டம். அதன் முதல் வாக்கியத்தை என்னால் முடிந்தவரை தமிழில் தருகிறேன்: "ஆங்கிலேயன் ஒருவனால் நீக்ரோப் பெண்ணிடம் பிறந்த பிள்ளைகள் அடிமைகளா சுதந்திரமானவர்களா என்பது குறித்துச் சில ஐயங்கள் எழுந்தமையால்…" அதற்குப் பிறகு தீர்ப்பு: இந்த நாட்டில் பிறக்கும் எல்லாப் பிள்ளைகளும் தாயின் நிலைப்படி மட்டுமே அடிமையாகவோ சுதந்திரமாகவோ கொள்ளப்படுவர்.

நான் அந்தத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு எதிரேயிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்த பெண், செவிலியர் பயிற்சியிலிருந்து நேரே வந்தவள், சட்டத்தில் 'தாய்' என்ற சொல்லின் கீழே பேனாவால் இரண்டு முறை கோடிட்டாள். மைக்கோடு தாளைக் கிழித்து மறுபக்கம் தெரிந்தது. யாரும் பேசவில்லை. என் மகள் கேட்ட கேள்விக்கான பதில் என் முன்னால் இருந்தது. யார் முடிவு செய்தது? இன்னின்ன ஆட்கள், ஜேம்ஸ்டவுனில், 1662 டிசம்பரில். அது ஏற்கெனவே வழக்கமாக இருந்தது என்பதற்காகவும் அவர்கள் அப்படி முடிவு செய்யவில்லை. இங்கிலாந்திலிருந்து அவர்கள் கொண்டுவந்த வழக்கமும் அவர்கள் பிறந்து வளர்ந்த சட்டமும் பிள்ளை தந்தையைத் தொடரும் என்றுதான் சொல்லின. அந்த வழக்கத்தை ஒரு பெண் நம்பி நீதிமன்றம் போய் வென்றுவிட்டாள். அதனால்தான் ஐயம் எழுந்தது, அதனால்தான் வழக்கத்தையே தலைகீழாகத் திருப்பினார்கள். 'அந்தக் காலத்துல அப்படித்தான் இருந்துச்சு' என்று நான் சொன்னது வெறும் சோம்பல் மட்டும் அன்று, பொய். அந்தக் காலம் அப்படி இல்லாமல் இருந்ததால்தான் சட்டம் தேவைப்பட்டது.

அந்த ஒரு வாக்கியம் எத்தனை வேலைகளைச் செய்தது என்பது வீடு வந்து சேர்ந்த பிறகுதான் முழுதாகப் புரிந்தது. எசமான் தன் பண்ணையில் ஒரு பெண்ணைக் கெடுத்தால், பிறக்கும் குழந்தைக்கு அவன் தந்தையாகப் பொறுப்பேற்க வேண்டியதில்லை. அந்தக் குழந்தை அவனுடைய சொத்தாகக் கணக்கில் ஏறும். குற்றம் வருமானமாக மாறியது. ஒரு தாய்க்குத் தன் பிள்ளைக்குக் கொடுக்க எதுவும் இல்லாமல் போகலாம், ஆனால் இந்தச் சட்டம் அவளைக் கட்டாயமாக ஒன்றைக் கொடுக்க வைத்தது. அன்றிரவு என் மகள் படுக்கையில் போர்வையை உதைத்துத் தள்ளிவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். போர்வையை இழுத்து விட்டுவிட்டு நெடுநேரம் அந்த அறையிலேயே நின்றிருந்தேன்.

அதன் பிறகு வந்த சட்டங்களை வேறு விதமாகப் படிக்கப் பழகினேன். ஒவ்வொரு சட்டத்தின் முன்னும் நின்று, இது யாருக்கான பதில் என்று கேட்பது. 1667ஆம் ஆண்டுச் சட்டமும் அதே சொற்றொடரோடு தொடங்குகிறது; ஞானஸ்நானம் பெற்ற அடிமைகள் அதனால் விடுதலை பெறுவார்களா என்பது குறித்துச் சில ஐயங்கள் எழுந்தமையால், ஞானஸ்நானம் ஒருவரின் நிலையை மாற்றாது என்று விதிக்கிறது. எலிசபெத் கீயின் இரண்டாவது வாதமும் அடைக்கப்பட்டது. 1669இல், தண்டிக்கும்போது அடிமை இறந்துபோனால் எசமான் மேல் கொலைக்குற்றம் இல்லை என்றார்கள். எவனும் தன் சொத்தைத் தானே வன்மத்தோடு அழித்துக்கொள்ள மாட்டான் என்பது காரணம். 1676இல் நாதனியல் பேக்கன் தலைமையில் நடந்த கலகத்தில் ஜேம்ஸ்டவுன் தீக்கிரையானது. பேக்கனின் பகை ஆளுநரோடு மட்டும் அன்று, பூர்வகுடிகளின் நிலத்தையும் உயிரையும் குறிவைத்த கலகம் அது. ஆனால் பண்ணை முதலாளிகளை நடுங்க வைத்தது வேறு: கடைசிவரை ஆயுதத்தைக் கீழே போடாமல் நின்ற கூட்டமொன்றில் ஏறத்தாழ 80 கறுப்பினத்தவரும் 20 ஆங்கிலப் பணியாளர்களும் சேர்ந்து நின்றார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளின் சட்டங்கள் அந்த இரு கூட்டத்தையும் பிரிக்கும் சுவரை எழுப்பின. 1691இல் கலப்பு மணம் புரியும் வெள்ளையர் நாடு கடத்தப்படுவர் என்றானது. அடிமையை விடுவிப்பவர் அவரைக் காலனியை விட்டே வெளியேற்றியாக வேண்டும் என்றும் விதித்தார்கள். எலிசபெத் கீயும் கிரின்ஸ்டெட்டும் அந்தச் சட்டத்தின் கீழ் கணவன் மனைவியாக அங்கே வாழ்ந்திருக்க முடியாது. 1705இல் எல்லாவற்றையும் தொகுத்தார்கள். கிறித்தவ வெள்ளைப் பணியாளரை நீதிபதியின் ஆணையின்றி உடை களைந்து அடிக்கக் கூடாது. அடிமைகள் நிலம் போன்ற அசையாச் சொத்து.

இங்கே ஒரு செய்தியை இடையில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை அறிந்த பிறகு இந்த வரலாற்றை வேறு யாருடையதோ என்று தள்ளி வைக்க முடியவில்லை. 18ஆம் நூற்றாண்டில் ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பியர் கொடுத்த பண்டங்களுள் இந்தியத் துணி முதன்மையானவற்றுள் ஒன்று. சோழமண்டலக் கரையில் நெய்து நீலம் தோய்த்த பருத்தித் துணிக்கு வணிகர்கள், மேற்கு ஆப்பிரிக்கக் கரையின் பெயரால், வைத்த பெயரே 'கினித் துணி'. நெய்தவருக்கு அது எங்கே போனது என்று தெரிந்திருக்க வழியில்லை. எனக்குத் தெரிகிறது.

எழுதப்படாத சொல்

பருவத்தின் நடுவில் ஒரு நாள் ஆசிரியர் 1787ஆம் ஆண்டு அரசியலமைப்புச் சட்டத்தின் மூல வடிவத்தைக் கொடுத்து, 'அடிமை' என்ற சொல்லை எங்கெல்லாம் காண்கிறீர்களோ அங்கெல்லாம் வட்டமிடுங்கள் என்றார். இருபது நிமிடம் பென்சிலோடு தேடினோம். யாருடைய தாளிலும் ஒரு வட்டம்கூட இல்லை. சொல் இல்லை, பொருள் மூன்று இடங்களில் இருக்கிறது. பிரதிநிதிகளின் எண்ணிக்கையைக் கணக்கிடும்போது "மற்ற எல்லா ஆட்களிலும்" ஐந்தில் மூன்று பங்கைச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. மாநிலங்கள் அனுமதிக்க விரும்பும் "அத்தகைய ஆட்களின்" வருகையை 1808 வரை காங்கிரஸ் தடுக்கக் கூடாது என்கிறது. "பணிக்கு அல்லது உழைப்புக்குக் கட்டுப்பட்ட ஆள்" வேறு மாநிலத்துக்குத் தப்பினால் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்கிறது. மனிதர்கள்மேல் சொத்துரிமை இருக்கலாம் என்ற கருத்தை அரசியலமைப்பில் இடம்பெறச் செய்வது தவறு என்று, பின்னாளில் குடியரசுத் தலைவரான ஜேம்ஸ் மேடிசன், அதை வகுத்த மாநாட்டில் சொன்னார். அவரே அடிமைகளை வைத்திருந்தவர். கூச்சம் சொல்லோடு நின்றுவிட்டது. அந்தச் சொல் அரசியலமைப்பில் முதன்முதலாக இடம்பெற்றது 1865இல், பதின்மூன்றாம் திருத்தத்தில், அந்த முறையை ஒழிப்பதற்காக.

சட்டத்தின் சொற்களைக் கையிலெடுத்தவர்கள் மறுபக்கத்திலும் இருந்தார்கள். மாசசூசெட்ஸ் 1641இலேயே, போரில் பிடிபட்டவர்களையும் விற்கப்பட்ட அந்நியர்களையும் அடிமைகளாக வைத்துக்கொள்ள வழி செய்த காலனி. வடக்கு என்றால் கை சுத்தம் என்று எண்ண இடமில்லை. ஆனால் 1780இல் அந்த மாநிலத்தின் புதிய அரசியலமைப்பு, எல்லா மனிதரும் சுதந்திரமானவர்களாகவும் சமமானவர்களாகவும் பிறக்கிறார்கள் என்று எழுதியது. எழுதப் படிக்கத் தெரியாத பெட் என்ற அடிமைப் பெண் தியோடர் செட்ஜ்விக் என்ற வழக்கறிஞரிடம் போய், அந்த வரி தனக்கும் பொருந்தாதா என்று கேட்டாள். 1781இல் வழக்கு வென்றது. அவர் வைத்துக்கொண்ட பெயர் எலிசபெத் ஃப்ரீமன். 1790இல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மாசசூசெட்ஸ் காட்டிய அடிமைகளின் எண்ணிக்கை சுழியம். இரண்டு எலிசபெத்துகள். ஒருவர் வென்றதும் வர்ஜீனியா கதவை அடைத்தது. மற்றவர் வென்ற கதவு திறந்தபடியே நின்றது. வேறுபாடு பெண்களிடத்தில் இல்லை, அதற்குப் பின் அவையில் உட்கார்ந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதில் இருந்தது.

1790இல் நாடு முழுவதும் ஏறத்தாழ 7 இலட்சமாக இருந்த அடிமைகள் 1860இல் ஏறத்தாழ 39.5 இலட்சம் ஆனார்கள். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது 1808இலேயே தடை செய்யப்பட்டது என்பதை நினைவில் வைத்தால், பெருக்கத்தின் பெரும்பகுதி அந்த 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக, தாயிடமிருந்து பிள்ளைக்கு வந்தது என்பது விளங்கும். 1793இல் வந்த பருத்திக் கொட்டை நீக்கும் இயந்திரம், தெற்கே மேற்கு நோக்கிப் பரவிய பருத்தி நிலம், புதிய நிலங்களில் அடிமை முறை எதுவரை போகலாம் என்று கோடு கிழித்த மிசௌரி உடன்பாடு, அதே கேள்விக்காக இரத்தம் சிந்திய கான்சஸ், கறுப்பினத்தவர் குடிமக்களாக முடியாது என்ற ட்ரெட் ஸ்காட் தீர்ப்பு இவையெல்லாம் இங்கே பலரும் அறிந்தவை.

எனக்கு உறுத்தலாக இருந்தது வேறொரு கருத்து. என்னோடு வேலை செய்யும் ஒருவர், ரிச்மண்டில் பிறந்து வளர்ந்தவர், பண்பானவர், உள்நாட்டுப் போர் அடிமை முறைக்காக நடந்ததில்லை, மாநில உரிமைக்காக நடந்தது என்று ஒரு மதிய உணவு வேளையில் சொன்னார். வந்த நாட்டின் வரலாற்றில் நாம் என்ன கருத்துச் சொல்வது என்று அப்போது கேட்டுக்கொண்டேன். வகுப்பில் தென் கரோலினா 1860 டிசம்பர் 24 அன்று அமெரிக்க ஒன்றியத்திலிருந்து பிரிவதற்கான காரணங்களைச் சொல்லி வெளியிட்ட பிரகடனத்தைப் படித்தபோது அந்த மதிய வேளை நினைவுக்கு வந்தது. அதில் குறை சொல்லப்படுவது, வட மாநிலங்கள் தங்கள் உரிமையைப் பயன்படுத்தியதைத்தான். தப்பி வந்த அடிமைகளைத் திருப்பி ஒப்படைக்க மறுத்துச் சட்டங்கள் இயற்றினார்கள், நியூயார்க்கில் அடிமையோடு பயணம் செய்து கடந்து போகும் உரிமையைக்கூட நீதிமன்றங்கள் மறுத்தன என்று அது வரிசையாக அடுக்குகிறது. 1850ஆம் ஆண்டின் தப்பியோடிய அடிமைகள் சட்டம் மத்திய அரசின் கையைத்தான் வலுப்படுத்தியது. பிடிபட்டவர் அடிமை என்று முடிவானால் விசாரித்த ஆணையருக்கு 10 டாலர், விடுவித்தால் 5 டாலர் என்று கட்டணம் வைத்த சட்டம் அது. அப்போது தெற்கு மாநில உரிமை பேசவில்லை. மிசிசிப்பியின் பிரகடனம், தங்கள் நிலைப்பாடு அடிமை முறையோடு முழுமையாக ஒன்றியது என்று தொடக்கத்திலேயே சொல்கிறது. பிரிந்த மாநிலங்கள் சேர்ந்து அமைத்த தென் கூட்டமைப்பு 1861 மார்ச்சில் ஏற்ற அரசியலமைப்பில் எங்கள் பென்சிலுக்கு வேலை இருந்தது. "நீக்ரோ அடிமைகள்மேலுள்ள சொத்துரிமையை" மறுக்கும் சட்டம் எதுவும் இயற்றப்படக் கூடாது என்று பெயர் சொல்லியே எழுதியிருந்தார்கள். 1787இல் நாணி மறைத்த சொல்லை இவர்கள் மறைக்கவில்லை. அலுவலக நண்பருக்கு இந்த ஆவணங்களின் நகலைக் கொடுத்தேன். வாதிட வேண்டும் என்று தோன்றவில்லை, அவர்களே எழுதியதை அவர் வாசிக்க வேண்டும் என்று மட்டும் தோன்றியது. வாசித்துவிட்டு, பள்ளியில் இதை எங்களுக்குக் காட்டியதே இல்லை என்றார்.

மீண்டும் பாயிண்ட் கம்ஃபர்ட்

வகுப்பு முடிந்த கோடையில் மகளை அழைத்துக்கொண்டு ஹாம்ப்டனுக்குப் போனேன். 1619இல் 'வொயிட் லயன்' வந்து நின்ற அதே நிலமுனையில் பின்னாளில் மன்றோ கோட்டை எழுந்தது. வர்ஜீனியா பிரிந்த பிறகும் அந்தக் கோட்டை வடக்கின் கையிலேயே இருந்தது. 1861 மே 23 இரவு, ஃப்ராங்க் பேக்கர், ஷெப்பர்ட் மாலரி, ஜேம்ஸ் டவுன்செண்ட் என்ற மூன்று பேர் படகில் துடுப்புப் போட்டு நீர்ப்பரப்பைக் கடந்து அந்தக் கோட்டைக்கு வந்தார்கள். எதிர்க்கரையில் தென் படைக்குப் பீரங்கி மேடை கட்டும் வேலையில் அவர்களை ஈடுபடுத்தியிருந்தார்கள். அடுத்து வட கரோலினாவுக்கு, குடும்பத்தை விட்டு, அனுப்பப் போகிறார்கள் என்று தெரிந்ததும் கிளம்பிவிட்டார்கள். மறுநாள், அவர்களுக்கு உரிமை கொண்டாடிய கர்னல் மாலரியின் சார்பில் தென் படையின் மேஜர் கேரி வெள்ளைக் கொடியோடு வந்து, தப்பியோடியவர்களைத் திருப்பி ஒப்படைக்கும் அரசியலமைப்புக் கடமையை நினைவூட்டினார். கோட்டையின் தளபதி பெஞ்சமின் பட்லர் மாசசூசெட்ஸ் வழக்கறிஞர். வர்ஜீனியா தன்னை அயல்நாடு என்கிறது, அயல்நாட்டுக்கு எனக்கு அரசியலமைப்புக் கடமை எதுவும் இல்லை என்று பதில் சொன்னார். எதிரி போருக்குப் பயன்படுத்திய பொருளைக் கைப்பற்றுவதுபோல் அவர்களை வைத்துக்கொள்வதாகச் சொன்னார். மனிதரைப் பொருள் என்ற அதே சட்டச் சொல்லால்தான் பட்லர் அவர்களைக் காத்தார். அது எனக்கு இன்றும் கசக்கிறது. ஆனால் முதலில் படகேறியவர் பட்லர் இல்லை. மூவர் வந்தார்கள், பதில் சொல்ல வேண்டிய கட்டாயத்தை அவருக்கு உண்டாக்கினார்கள். செய்தி பரவியதும் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள்.

ஜூலை 30 அன்று பட்லர் போர்த்துறைச் செயலருக்கு ஒரு கடிதம் எழுதினார். 1619இல் முதல் அவை கூடிய அதே தேதி. தன் பாதுகாப்பில் 900 பேர் இருப்பதாகக் கணக்குக் கொடுக்கிறார்: திடமான ஆண்கள் 300, கடின வேலைக்கு ஆகாத முதியவர் 30, பெண்கள் 175, பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் 225, பத்துக்கும் பதினெட்டுக்கும் இடைப்பட்டவர்கள் 170. ஆண்கள் போர் வேலையில் இருந்தார்கள் என்று சொல்லலாம், பெண்களும் குழந்தைகளும்? அவர்களை என்ன செய்வது, அவர்களின் நிலை என்ன, இவர்கள் அடிமைகளா, சுதந்திரமானவர்களா என்று கேட்கிறார். இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஐயங்கள் எழுந்ததாகச் சொல்லி ஒரு பத்தியில் அடைத்த அதே கேள்வி.

கோட்டைச் சுவரின்மேல் புல் முளைத்திருந்தது. கீழே அகழியில் நீர் அசையாமல் கிடந்தது. அந்தக் கணக்கை நான் தொலைபேசியிலிருந்து வாசித்துக் காட்டினேன். நான்காம் வகுப்பில் நீ ஒன்று கேட்டாயே, அதற்கு அம்மா தப்பான பதில் சொல்லிவிட்டேன் என்று ஆரம்பித்து, எலிசபெத் கீயிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்படிக் கேட்டதே அவளுக்கு நினைவில்லை. 225, 170 என்று தனக்குள் கூட்டிப் பார்த்தாள். "175 பொம்பளைங்க, 395 பிள்ளைங்க. அப்போ எல்லாப் பிள்ளைங்களோட அம்மாவும் வந்திருக்க மாட்டாங்க, இல்லையாம்மா?" என்று கேட்டாள். சிலரை முன்பே விற்றிருப்பார்கள் என்றேன். அவள் எழுந்து சுவரின் விளிம்பு வரை நடந்து போய், எதிர்க்கரை எவ்வளவு தூரம் என்று கையை நெற்றியில் வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.